தைப்பூசம் முதல் தீபாவளி வரை: பேறுகாலக் கணக்கு பிறந்த கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'குழந்தை எந்த நாளில் பிறக்கும்?' என்பது இன்றைய அரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன், வரலாறு படித்தவன். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு எப்போது வலி எடுக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். கிளினிக் அட்டையில் ஒரு தேதியை எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தத் தேதி எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டால் சொல்கிறேன்.

என் தாயார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. என்னை வயிற்றில் சுமந்த கதையை அவர் இப்படித்தான் தொடங்குவார்: "அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கறதா வேண்டுதல். அன்னைக்குக் காலையிலேயே வீட்டுக்குத் தூரமாயிட்டேன். அழுதுக்கிட்டே லயத்துல உட்கார்ந்திருந்தேன். அதுக்கப்புறம் முழுகவே இல்ல."

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கேட்டபோதும் இதையேதான் சொன்னாராம். டிரசர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "தீபாவளிக்குப் புள்ள பொறக்கும், பலகாரம் சுட முடியாது" என்றாராம். நான் தீபாவளிக்கு வரவில்லை. ஒன்பது நாள் கழித்து வந்தேன். பலகாரமெல்லாம் சுட்டு முடித்துவிட்டுத்தான் அம்மா வலி கண்டார்.

அந்த டிரசரின் கணக்கு சரியா, தவறா என்று ஒரு நாள் எனக்கு ஐயம் வந்தது. நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 2023-ஆம் ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 5. தீபாவளி நவம்பர் 12. இடையில் சரியாக 280 நாள். 2024-இல் தைப்பூசம் ஜனவரி 25, தீபாவளி அக்டோபர் 31. மறுபடியும் 280 நாள். உலகத்து மருத்துவமனைகள் எல்லாம் கர்ப்ப காலம் என்று வைத்திருக்கும் எண் இதுதான்: 280 நாள், அதாவது 40 வாரம். பெரும்பாலான ஆண்டுகளில் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் இடைவெளி இதே அளவு, அல்லது ஒரு நாள் குறைவு. ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். 2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11-இலும் தீபாவளி அக்டோபர் 20-இலும் வந்தன. 251 நாள்தான்! சந்திரனை வைத்து நடக்கும் பண்டிகைகள் சில ஆண்டுகளில் ஒரு மாதம் இடம் மாறும். அந்த ஆண்டில் பண்டிகையை நம்பி எண்ணியவள் முழுதாக நான்கு வாரம் ஏமாந்திருப்பாள்.

முழுகாமல் இருப்பது என்றால்...

நம் மொழியில் ஒரு பெண் கருவுற்றிருப்பதை எப்படிச் சொல்கிறோம்? 'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோம். மாதவிலக்கு முடிந்து தலை முழுகும் நாள் இந்த மாதம் வரவில்லை என்று பொருள். யோசித்துப் பாருங்கள். கரு உண்டான நாளை இந்தச் சொல் குறிக்கவே இல்லை. அது யாருக்கும் தெரியாத நாள். தெரிந்த நாள் ஒன்றே ஒன்றுதான். கடைசியாக விலக்கான நாள். இன்றைக்கும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். எத்தனை கருவிகள் வந்த பிறகும் கணக்கு அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

'பத்து மாதம் சுமந்து பெற்றேன்' என்று நம் தாய்மார் சொல்வதும், 'ஒன்பது மாதம்தானே' என்று படித்த பிள்ளைகள் திருத்துவதும் பல வீடுகளில் நடக்கும். திருத்த வேண்டியதில்லை. 28 நாளை ஒரு மாதமாக எடுத்தால் பத்து மாதம் 280 நாள். தமிழ் மாதப் பெயரால் எண்ணினாலும் அப்படித்தான். சித்திரை 15-இல் தொடங்கினால் 280 நாள் முடியும்போது தை 20-ஐ ஒட்டி வரும். சித்திரை ஒன்று, வைகாசி இரண்டு என்று விரல் விட்டால் தை பத்தாவது. கிழவிகள் கணக்கில் கோட்டை விடவில்லை.

ஐரோப்பாவிலும் கிழவிகள்தான் முதலில் எண்ணினார்கள். இரத்த ஓட்டத்தை உலகுக்கு விளக்கிய வில்லியம் ஹார்வி, உயிர்கள் பிறக்கும் முறை பற்றி 1651-இல் ஒரு நூல் வெளியிட்டார். மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொன்ன நாளாகக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் மார்ச் 25 முதல் கிறிஸ்துமஸ் வரை உள்ள காலத்தையே அவர் இயல்பான பேறுகாலமாக எடுத்துக்கொண்டார். எண்ணினால் 275 நாள். விலக்கு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளும் விவரமான பெண்கள் இந்தக் கணக்கில் அரிதாகவே தவறுகிறார்கள், பத்துச் சந்திர மாதம் முடிந்ததும் அவர்களுக்கு வலி காண்கிறது என்றும் எழுதினார். எங்கள் தோட்டத்துப் பெண்களும் ஹார்வியின் ஊர்ப் பெண்களும் ஒரே கணக்கை வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஒரு பேராசிரியரின் சூத்திரம்

இன்று கிளினிக்கில் தேதி குறிக்கும் முறைக்கு நேகெலே விதி என்று பெயர். ஃபிரான்ஸ் கார்ல் நேகெலே (1778-1851) ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மருத்துவச்சிகளுக்காக 1830-இல் அவர் எழுதிய பாடநூல் பெரும் புகழ் பெற்றது. அவருடைய விதி மிக எளிது. கடைசி விலக்கு நாளோடு ஏழு நாளைக் கூட்டு. மூன்று மாதம் பின்னால் போ. ஜூன் 10 என்றால் ஜூன் 17. மூன்று மாதம் பின்னே மார்ச் 17. அடுத்த ஆண்டு மார்ச் 17 அன்று பிள்ளை. விரலும் வேண்டாம், நாட்காட்டியும் வேண்டாம்.

ஆனால் விதி நேகெலேயுடையது அன்று. தனக்கு முன் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் வாழ்ந்த ஹெர்மன் பூர்ஹாவே (1668-1738) சொன்னதையே தான் சொல்வதாக அவரே ஒப்புக்கொண்டார். விலக்கு முடிந்ததை ஒட்டிய நாள்களில்தான் கரு தங்குகிறது, அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ண வேண்டும் என்பது பூர்ஹாவேயின் எண்ணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாலூட்டிகளின் கருமுட்டையை கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் கண்டுபிடித்ததே 1827-இல்தான். முட்டை என்று ஒன்று இருப்பதையே காணாத காலத்தில் போட்ட கணக்கு இது!

நம் தொல்காப்பியத்திலும் இதையொத்த எண்ணம் இருக்கிறது. பூப்புத் தோன்றிய பின் வரும் பன்னிரண்டு நாளில் தலைவன் தலைவியைப் பிரிந்து உறையக் கூடாது என்று கற்பியல் சொல்கிறது. அது கருத்தரிக்கும் காலம் என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். பூர்ஹாவேயைப் போலவே நம்மவர்களும் விலக்கை ஒட்டித்தான் கரு உண்டாவதாகக் கருதினார்கள். ஆனாலும் பன்னிரண்டு நாள் என்று நீட்டிப் போட்டார்களே, அதனால் உண்மையான நாள்களில் சிலவும் வளையத்துக்குள் வந்துவிட்டன.

உண்மை தெரிந்தது 1920-களில். ஜப்பானில் கியூசாகு ஒகினோவும் ஆஸ்திரியாவில் ஹெர்மன் கினாவுஸும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அடுத்த விலக்கு வருவதற்குச் சுமார் 14 நாளுக்கு முன்புதான் முட்டை வெளிப்படுகிறது. எனவே 28 நாள் சுற்று உள்ள பெண்ணுக்கு, கணக்கின் முதல் இரண்டு வாரத்தில் கருவே இல்லை! கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால் 266 நாள். விலக்கிலிருந்து எண்ணினால் 280. சுற்று 35 நாளாக நீளும் பெண்ணுக்கு முட்டை ஒரு வாரம் தாமதம். பிள்ளையும் ஒரு வாரம் தாமதம். விதி அவளைக் கண்டுகொள்வதில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. விலக்கின் முதல் நாளிலிருந்து ஏழு கூட்டுவதா, கடைசி நாளிலிருந்தா? நேகெலே அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. பூர்ஹாவேயின் கருத்தைப் பார்த்தால் விலக்கு முடிந்த நாள் என்று கொள்ளவே இடமிருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பாடநூல்கள் முதல் நாள் என்று எழுதின. உலகம் முழுவதும் அதுவே பரவியது. ஆக, நூறாண்டாக நாம் பிள்ளைகளைச் சில நாள் முன்கூட்டியே எதிர்பார்த்து வருகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. 1990-இல் அமெரிக்காவில் ராபர்ட் மிட்டென்டார்ஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தலைப்பிள்ளை பெற்ற வெள்ளையினப் பெண்களின் நடுக்கணக்கு 288 நாள் என்று வந்தது. விதியைவிட எட்டு நாள் அதிகம். என் தாயாருக்கு நான் தலைப்பிள்ளை. ஒன்பது நாள்.

வயிறு சொன்ன கணக்கு

விலக்கு நின்றால் கர்ப்பம் என்று உறுதி சொல்ல முடியுமா? முடியாது. சோகையிலும் நின்று போகும். பால் கொடுக்கும்போதும் நின்றிருக்கும். ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்யும் வழி 1920-களின் இறுதியில்தான் பெர்லினில் பிறந்தது. பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியில் ஏற்றி, அறுத்துப் பார்ப்பார்கள். பிறகு ஆப்பிரிக்கத் தவளை வந்தது. தவளை முட்டையிட்டால் பெண் கர்ப்பம்! சோதனையில் தவளை சாகாது என்பதால் அதையே மறுபடியும் பயன்படுத்தினார்கள். இன்று மருந்துக் கடையில் வாங்கும் குச்சி அந்தத் தவளையின் வாரிசு.

அதற்கு முன்பு எல்லாரும் காத்திருந்தது பிள்ளையின் துடிப்புக்குத்தான். தலைப்பிள்ளை என்றால் 20-ஆம் வாரத்தை ஒட்டியும், அடுத்தடுத்த பிள்ளைகள் என்றால் இரண்டு மூன்று வாரம் முன்பாகவும் தாய் அதை உணர்வாள். இங்கிலாந்துச் சட்டமே ஒரு காலத்தில் இந்தத் துடிப்பை எல்லைக்கோடாக வைத்திருந்தது. தூக்குத் தண்டனை பெற்ற பெண் தன் வயிற்றில் பிள்ளை துடிப்பதாகச் சொன்னால், பெண்களைக் கொண்ட ஒரு நடுவர் குழு அவளைப் பார்த்து முடிவு சொல்லும். துடிப்பு உண்டென்றால் தண்டனை தள்ளிப் போகும். அந்த வழக்கம் 1931-இல்தான் ஒழிந்தது. கருச்சிதைவு பற்றிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவிலும் துடிப்புக்கு முன், பின் என்ற வேறுபாடு இருக்கிறது. துடித்த பின் என்றால் தண்டனை கூடுதல்.

எட்டாம் மாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'ஏழு மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதப் பிள்ளை பிழைக்காது' என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது நம் ஊர் நம்பிக்கை மட்டுமல்ல. கிரேக்கத்தில் ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் நூல்களில் எட்டு மாதக் குழந்தையைப் பற்றியே தனி நூல் உண்டு. அதுவும் இதையே சொல்கிறது. சரகர், சுசுருதர் நூல்களோ எட்டாம் மாதத்தில் ஓஜஸ் என்னும் உயிராற்றல் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே போய் வந்து கொண்டிருப்பதால் அப்போது பிறப்பது ஆபத்து என்று காரணமும் சொல்கின்றன. கிரேக்கமும் இந்தியாவும் ஒன்றுபோல் சொன்னதனால் அது உண்மையாகிவிடாது. எட்டு மாதப் பிள்ளை பிழைக்கும் வாய்ப்பு ஏழு மாதப் பிள்ளையைவிட அதிகம். நுரையீரல் கூடுதலாக முதிர்ந்திருக்கும், அவ்வளவுதான். இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு, குறைமாதத்தில் பிறந்த குழந்தையை 'எப்படியும் தங்காது' என்று கைவிட்டு விடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மருத்துவச்சிகளின் கை இதைவிட நம்பகமான கருவி. 12-ஆம் வாரத்தில் கருப்பை அடிவயிற்று எலும்புக்கு மேலே தட்டுப்படும். 20-ஐ ஒட்டித் தொப்புளுக்கு வரும். 36-இல் மார்பெலும்பின் அடிவரை ஏறும். பிறகு பிள்ளையின் தலை இறங்க, வயிறும் சற்றுத் தாழும். தோட்டத்து மருத்துவச்சிப் பாட்டிகள் இதை விரற்கடையால் அளந்தார்கள். 1906-இல் எல்லிஸ் மெக்டொனால்ட் என்பவர் அளவு நாடாவால் அளக்கும் முறையை எழுதி வைத்தார். ஏறத்தாழ 20-ஆம் வாரத்துக்குப் பிறகு, இத்தனை சென்டிமீட்டர் என்றால் இத்தனை வாரம். இன்றும் கிளினிக் தாதி நாடாவை எடுக்கிறாரே, அது இதற்குத்தான்.

நீதிமன்றத்தில் எண்ணிய நாள்கள்

இது என்ன பெரிய விஷயம், நாலு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன என்று சிலர் நினைக்கலாம். ஒரு பெண்ணின் மானமே இந்தக் கணக்கில் தொங்கியிருக்கிறது.

1825-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையில் கார்டனர் பட்ட வழக்கு நடந்தது. கடற்படை அதிகாரி ஒருவர் 1802 ஜனவரி இறுதியில் மனைவியைப் பிரிந்து கப்பலேறினார், ஜூலையில் திரும்பினார், டிசம்பர் 8-இல் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஜூலையிலிருந்து எண்ணினால் ஐந்தே மாதம். ஜனவரியிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 311 நாள். அந்தப் பிள்ளைக்குப் பிரபு பட்டம் உண்டா? ஊரின் பெரிய மருத்துவர்களை எல்லாம் வரவழைத்துக் கேட்டார்கள். 280-க்கு மேல் போகவே போகாது என்றார் சிலர். போகும், நானே பார்த்திருக்கிறேன் என்றார் சிலர். அந்த மனைவிக்கு வேறொருவருடன் இருந்த தொடர்புக்கும் சாட்சியம் வந்தது. பட்டம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

1921-இல் இன்னொரு வழக்கு. கணவன் பிரிந்து 331-ஆம் நாள் குழந்தை. வேறு எந்தச் சாட்சியமும் இல்லை. நாள் கணக்கு மட்டுமே. லார்டு சான்சலராக இருந்த பர்க்கன்ஹெட் பிரபு, இது நடக்கவே நடக்காது என்று மருத்துவம் உறுதி சொல்லாதபோது ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்க மாட்டேன் என்று கணவனின் மணவிலக்கு மனுவைத் தள்ளினார். 30 ஆண்டு கழித்து, 1951-இல், 360 நாள் என்று ஒரு வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. அங்கே கணவன் பக்கம் தீர்ப்பானது. 331-க்கும் 360-க்கும் நடுவே எங்கோ சட்டத்தின் பொறுமை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்த எண் இருக்கிறது. மலேசியச் சான்றுச் சட்டம் 1950, பிரிவு 112-ஐப் பாருங்கள். திருமண பந்தம் முடிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த குழந்தை, அந்தக் கணவனின் முறையான குழந்தை என்பதற்கு அதுவே முடிவான சான்று. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்திலிருந்து வந்த வாசகம் இது. சிங்கப்பூர்ச் சட்டமும் அதே மரபில் வந்ததுதான். 280 என்பது விலக்கிலிருந்து எண்ணும் கணக்கு. கரு உண்டான நாளிலிருந்து எண்ணினால் 266 போதும். ஆகவே, கணவன் இறந்த அன்றே கரு உண்டாகியிருந்தால்கூட விதவைக்கு 14 நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. தெரிந்தோ தெரியாமலோ சட்டம் பெண் பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சியே.

இந்த 14 நாள் தெரியாததால் இன்றும் குடும்பங்களில் புயல் வீசுகிறது. நான் அறிந்த ஒரு வீட்டில், வெளியூர் வேலையிலிருந்து கணவன் திரும்பி ஆறு வாரம் ஆகியிருந்தது. மருத்துவர் 'எட்டு வாரம்' என்றார். அவ்வளவுதான், மாமியார் முகம் மாறிவிட்டது. எட்டு வாரம் என்று மருத்துவர் சொன்னால் கருவின் வயது ஆறு வாரம் என்பதை யாராவது அந்த வீட்டில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாள் கழித்து ஒரு தாதி சொன்னார். அந்த மூன்று நாளை அந்தப் பெண் இன்றும் மறக்கவில்லை.

தோட்டத்தில் இந்தக் கணக்கு சோற்றுக் கணக்காகவும் இருந்தது. பிரட்டுக்குப் போகாவிட்டால் பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம் 1955-இன்படி பேறுகால விடுப்பு நெடுங்காலம் 60 நாளாக இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். ஆனால் பேற்றுக்கு 30 நாளுக்கு முன்னதாக அந்த விடுப்பைத் தொடங்க முடியாது. பிள்ளை எப்போது பிறக்கும் என்று தெரிந்தால்தானே முப்பது நாள் முன்பு எது என்று தெரியும்? டிரசர் பிந்திய தேதியை எழுதினால், நிறைமாத வயிற்றோடு மேட்டில் ஏறிப் பால் வாளி சுமக்க வேண்டும். இதே சட்டம் 22 வாரம் முடிந்த பின் நேர்வதைத்தான் பேறு என்று கொள்கிறது. 21-ஆம் வாரத்தில் குழந்தையை இழந்தவளுக்கு இந்த விடுப்பு இல்லை. ஒரு வாரக் கணக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கப்பல் பட்டறையிலிருந்து வந்த ஒலி

தேதியைத் திருத்தும் வழி கிளாஸ்கோ நகரில் பிறந்தது. இயன் டொனால்ட் என்ற பேராசிரியர், இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலியலையால் சோதிக்கும் தொழிற்சாலைக் கருவியைப் பார்த்தார். வயிற்றுக்குள்ளும் இதனால் பார்க்கலாமே என்று தோன்றியது. ஜான் மெக்விகர், பொறியாளர் டாம் பிரௌன் ஆகியோரோடு 1958-இல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டார். கப்பல் கட்டும் ஊரில் இது நடந்ததில் வியப்பில்லை.

தேதிக் கணக்குக்கு இதைக் கொண்டுவந்தவர் அதே ஊரின் ஹியூ ராபின்சன். 1973-இல் கருவின் உச்சந்தலை முதல் பிட்டம் வரை உள்ள நீளத்தை அளந்து வாரத்தைச் சொல்லும் முறையை வெளியிட்டார். முதல் மூன்று மாதத்தில் கருக்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்கின்றன. அதனால் இந்த அளவு ஐந்து நாள், ஒரு வாரம் முன்பின்னாகச் சரியாக இருக்கும். கடைசி மாதங்களில் அப்படியில்லை. பிள்ளைக்குப் பிள்ளை உடல்வாகு மாறும். ஸ்கேன் தேதி மூன்று வாரம்கூடப் பிசகலாம். 'ஒவ்வொரு ஸ்கேனிலும் ஒவ்வொரு தேதி வருகிறதே' என்று குழம்புகிறவர்கள் முதல் ஸ்கேனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, குறித்த நாளில் பிறக்கும் குழந்தைகள் எத்தனை தெரியுமா? நூற்றுக்கு நாலைந்து. 2013-இல் அமெரிக்காவில் ஆன் மேரி ஜூகிக் குழுவினர் 125 பெண்களின் கணக்கை வெளியிட்டார்கள். அந்தப் பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்திருந்ததால் முட்டை வெளிப்பட்ட நாளே தெரியும். அங்கிருந்து நடுக்கணக்கு 268 நாள். ஆனால் குறைமாதப் பிள்ளைகளை ஒதுக்கிய பிறகும், முந்திப் பிறந்ததற்கும் பிந்திப் பிறந்ததற்கும் ஐந்து வார வித்தியாசம்! தொடக்கம் துல்லியமாகத் தெரிந்தும் முடிவு தெரியவில்லை. அட்டையில் எழுதும் தேதி ஐந்து வாரப் பாயின் நடு இழை. நாம்தான் அதை ரயில் வரும் நேரம்போல் நினைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிறோம்.

அதற்காகத் தேதியே வேண்டாம் என்பதா? இல்லை. 42 வாரம் தாண்டினால் பிள்ளைக்கு ஆபத்து கூடுகிறது. அதனால் அதற்கு முன்பே வலியை வரவழைப்பார்கள். தேதி இல்லையென்றால் 42-ஐ எப்படி அறிவது? எதிர்ப்பக்கமும் உண்டு. 37 வாரம் ஆனால் நிறைமாதம் என்று ஒரு காலத்தில் பொதுவாகச் சொல்லி வந்தார்கள். 37-இல் எடுத்த பிள்ளைகளுக்கு மூச்சுத் தொல்லை 39-இல் பிறந்தவர்களைவிட அதிகம் என்று தெரிந்த பிறகு, அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013-இல் சொல்லையே மாற்றியது. 39 முதல் 40 வாரம் 6 நாள் வரைதான் முழு நிறைமாதம். 37, 38 முந்திய நிறைமாதம்.

நம் வீடுகளில் இப்போது புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சை என்று முடிவானதும் ஜோதிடரிடம் ஓடி நட்சத்திரமும் இலக்கினமும் பார்த்து நாள் குறிக்கிறோம். நல்ல நாள் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. 39 வாரம் முடிந்த பின் மருத்துவர் தரும் நாள்களில் பாருங்கள். ரோகிணி வருகிறது என்பதற்காக 37-ஆம் வாரத்தில் பிள்ளையை எடுக்கச் சொல்லி மருத்துவரை நெருக்குவது, அரைவேக்காட்டில் பானையை இறக்குவது போலத்தான்.

என் தங்கை மகளுக்குத் தலைப்பிரசவம். அட்டையில் இருந்த தேதி வந்தது, போனது. மறுநாள் விடியற்காலை முதல் தொலைபேசி ஓயவில்லை. 'இன்னுமா?', 'வேற ஆஸ்பத்திரி பாருங்க', 'எனக்கெல்லாம் சொன்ன தேதியிலேயே ஆச்சு.' நாலாம் நாள் அந்தப் பெண் தனக்கு ஏதோ குறை என்று நினைத்து அழத் தொடங்கிவிட்டாள். பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்து, எல்லாம் சரி, 41 வாரம் வரை காத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. நான் தொலைபேசி இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, என் தாயார் தைப்பூசத்தன்று அழுத கதையை அவளுக்குச் சொன்னேன்.

ஆறாம் நாள் இரவு பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேல் எடை. பிறந்த பிறகுதான் நட்சத்திரம் பார்த்தோம். ஆயில்யம். மாமியார் வீட்டில் இதுவரை யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.